மூன்று சதவீதத்தில் விழுந்த பூட்டு: நியூயார்க் நகரப் பள்ளிகள், 2020

2020 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரப் பெற்றோருக்கு அன்று ஒரு படிவத்தின் கடைசி நாள். பிள்ளை இனிமேல் பள்ளிக்கு நேரில் வருமா, வீட்டிலிருந்தே இணையவழியில் படிக்குமா என்று அதில் குறித்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டால் இந்தக் கல்வியாண்டில் மறுபடி கேட்க மாட்டோம் என்று கல்வித்துறை சொல்லியிருந்தது. பல ஆயிரம் குடும்பங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, 'அனுப்புகிறோம்' என்று புதிதாக எழுதிக் கொடுத்தன. மூன்றே நாளில், புதன்கிழமை பிற்பகலில், கோவிட் தொற்று ஏறியதால் நகரத்தின் பொதுப் பள்ளிகள் அத்தனையும் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையிலிருந்தே வகுப்பு கிடையாது.

திட்டமிடாததால் வந்த குழப்பம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த இலையுதிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸும் சிகாகோவும் இணையவழியிலேயே ஆண்டைத் தொடங்கின. அவற்றைவிடப் பெரிய நியூயார்க் பிள்ளைகளை நேரில் வரவழைக்கத் துணிந்தது. அறை அறையாக அளந்தார்கள், ஜன்னல் ஜன்னலாகத் திறந்து பார்த்தார்கள், செவிலியர்களை அமர்த்தினார்கள், பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். எப்போது மூட வேண்டும் என்பதற்குத் தெளிவான விதிகூட எழுதி வைத்திருந்தார்கள். மூடியபின் எப்போது திறப்பது என்பதற்கு மட்டும் விதி எழுதவில்லை. என் பார்வையில் இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஒரு நகரம், ஒரே மாவட்டம்

அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்றால் நம் ஊர் வருவாய் மாவட்டம்போல ஆட்சியர் அலுவலகம் உள்ள நிலப்பரப்பு அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது. சில மாவட்டங்களில் மூன்று நான்கு பள்ளிகள் மட்டுமே இருக்கும். நியூயார்க்கிலோ 2020-இல் ஏறத்தாழ 11 லட்சம் மாணவர்கள், 75,000 அளவில் ஆசிரியர்கள், 1,300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். நாட்டிலேயே மிகப் பெரியது. 2002-லிருந்து பள்ளிகள் மேயரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கல்வித்துறைத் தலைவரான சான்சலரை அவரே நியமிக்கிறார். 2020-இல் மேயர் பில் டி பிளாசியோ, சான்சலர் ரிச்சர்ட் கரான்சா.

இவர்களுக்கு மேலே மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரைப் போன்றவர். மேயரும் ஆளுநரும் ஒரே கட்சிக்காரர்கள். ஆனால் இருவருக்கும் ஆகவே ஆகாது. இது வெறும் அரசியல் வம்பு என்று முதலில் தோன்றும். 2020 ஏப்ரல் 11 அன்று, கல்வியாண்டு முடியும்வரை பள்ளிகள் திறக்கா என்று மேயர் அறிவித்தார்; அன்றே ஆளுநர், அது அவருடைய கருத்து என்கிற தொனியில் பதில் சொன்னார். பள்ளிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முடிவாகாத நிலையில்தான் திறப்புத் திட்டம் தீட்டப்பட்டது.

மார்ச் மாதத்தில் மூடுவதற்கே மேயர் தயங்கினார். அதற்குக் காரணம் இருந்தது. மாணவர்களில் பெரும்பகுதி ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த வீடின்றிக் காப்பகங்களிலோ உறவினர் வீட்டின் ஒரு மூலையிலோ ஒண்டியிருப்பவர்கள். பள்ளிதான் அவர்களுக்குக் காலை உணவும் மதிய உணவும். மார்ச் 15 அன்று, அதுவும் ஒரு ஞாயிறு, கடைசியில் மூடினார்கள். நகரத்தில் தொற்று அதற்குள் தீயாய்ப் பற்றிவிட்டிருந்தது. கோடைக்குள் நகரத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கல்வித்துறை ஊழியர்களில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். பின்னால் ஆசிரியர் சங்கம் ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தது என்று கேட்பவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுகிறார்கள். மார்ச்சில் தாமதித்ததை ஆசிரியர்கள் மன்னிக்கவில்லை.

மூடிய பிறகு மூன்று லட்சம் ஐபேடுகளை வாங்கிப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பள்ளி வாசல்களில், யார் வந்து கேட்டாலும் உணவுப் பொட்டலம். மருத்துவமனை ஊழியர், ரயில் ஊழியர் போன்றோரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தனி மையங்கள். அவசரத்தில் செய்ததற்கு இதெல்லாம் மோசமில்லை. திறப்பது என்று வந்தபோதுதான் கணக்கு உதைத்தது.

அறை, காற்று, ஆள்

ஜூலை 8 அன்று மேயரும் சான்சலரும் வெளியிட்ட திட்டத்தின் பெயர் கலப்பு முறை. ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விட்டால் முப்பது பேர் உட்கார்ந்த வகுப்பறையில் ஒன்பது முதல் பன்னிரண்டு பேர்தான் உட்கார முடியும். ஆகவே பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, வாரத்தில் ஒன்று முதல் மூன்று நாள் பள்ளிக்கு வரவழைப்பது. மற்ற நாட்களில் வீட்டிலிருந்து இணையவழிப் படிப்பு. விருப்பமில்லாத குடும்பம் எல்லா நாளும் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அறைக் கணக்கு இவ்வளவுதான். நாடாவைப் பிடித்து அளக்கத் தெரிந்தவர் யாரும் போட்டுவிடலாம்.

காற்றுக் கணக்கு அப்படியில்லை. ஜூலைவரை எல்லோரும் மேசையைத் துடைப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கிருமிநாசினி, கையுறை, தரையில் ஒட்டும் குறிகள். கோவிட் காற்றில் மிதந்து பரவுகிறது என்பது மெல்ல மெல்ல ஏற்கப்பட்டபோது கேள்வி திரும்பியது: இந்த அறையில் காற்று ஓடுகிறதா? நகரத்தின் பள்ளிக் கட்டடங்களில் கணிசமானவை நூறு வயதை நெருங்குபவை, சில தாண்டியவை. சார்லஸ் ஸ்னைடர் என்ற கட்டடக் கலைஞர் 1891-இலிருந்து முப்பது ஆண்டுகள் நகரத்துக்குப் பள்ளி கட்டியவர். நெரிசலான தெருக்களிலும் வெளிச்சமும் காற்றும் உள்ளே வர வேண்டும் என்று, மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'எச்' போலத் தெரியும் வடிவத்தைப் பயன்படுத்தினார். இருபுறமும் முற்றம், உயரமான ஜன்னல்கள். அவர் கட்டிய ஜன்னல்கள் பல இடங்களில் பெயின்ட் படிந்து இறுகிப்போய்த் திறக்காமல் கிடந்தன. திறந்தாலும் பிள்ளை விழுந்துவிடக் கூடாதென்று சில அங்குலத்துக்கு மேல் நகராதபடி தடுத்து வைத்திருந்தார்கள். பழைய கட்டடங்களில் காற்று வெளியேற வேண்டிய குழாய்களுக்கு மொட்டைமாடியில் மின்விசிறி உண்டு. அது சுற்றுகிறதா என்று பல பள்ளிகளில் வருடக்கணக்காக யாரும் ஏறிப் பார்த்ததில்லை.

ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஆய்வுக் குழுக்கள் பள்ளி பள்ளியாகக் கிளம்பின. கையில் காற்றுவேகம் அளக்கும் கருவி ஒன்று. கூடவே இன்னொரு கருவியும் இருந்தது. அதுதான் படமாகி நகரமெங்கும் சுற்றியது. நீளமான குச்சி, அதன் முனையில் கட்டிய டாய்லெட் பேப்பர் துண்டு. குச்சியை உயர்த்திச் சுவரின் காற்றுத் துவாரத்தருகே பிடிப்பார்கள். தாள் துவாரத்தை நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொண்டால் காற்று வெளியேறுகிறது. சும்மா தொங்கினால் விசிறி ஓடவில்லை.

ஊர் சிரித்தது. பதினோரு லட்சம் பிள்ளைகளின் உயிரை டாய்லெட் பேப்பரைக் கொண்டா அளப்பது என்று பெற்றோர் கொதித்தார்கள். இந்த இடத்தில் நான் குச்சியின் பக்கம்தான். விசிறி சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று அறிய அது கச்சிதமான சோதனை. காற்றோட்டப் பொறியாளர்களே இப்படித்தான் முதல் பார்வை பார்ப்பார்கள். மணிக்கு எத்தனை முறை அறைக் காற்று மாறுகிறது என்று அது சொல்லாது என்பது வேறு. தவறு குச்சியில் இல்லை, தேதியில் இருந்தது. ஜூலையில் திட்டத்தை அறிவித்துவிட்டு, ஆகஸ்டு 25-ஐ ஒட்டிக் காற்றைச் சோதிக்கக் கிளம்பி, செப்டம்பர் 10 அன்று பிள்ளைகளை உள்ளே அழைப்பது என்றால், விசிறி ஓடாத அறையைச் சரிசெய்ய எத்தனை நாள் கிடைக்கும்? மொட்டைமாடி மோட்டாருக்கு உதிரிபாகம் வரவழைக்கவே அது போதாது.

அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்பறைகளைப் பார்த்து, அறைவாரியாக முடிவுகளைப் பொதுவெளியில் போட்டார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தேறின. தேறாத அறைகளில் பிள்ளைகளை உட்காரவைப்பதில்லை என்று ஒதுக்கினார்கள். இந்தப் பட்டியலை வெளியிட்டதுதான் அந்தக் கோடையின் மிக நல்ல வேலை என்பேன். தன் பிள்ளையின் அறை எண்ணைத் தேடி, அதில் ஜன்னல் திறக்கிறதா, விசிறி ஓடுகிறதா என்று ஒரு தாய் வீட்டிலிருந்தே படிக்க முடிந்தது.

மூன்றாவது ஆள் கணக்கு. காற்றைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், திட்டத்தைச் சாய்த்தது இதுதான்.

ஓர் ஐந்தாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். இருபத்தேழு பிள்ளைகள், மூன்று குழு, குழுவுக்கு ஒன்பது பேர். திங்கட்கிழமை முதல் குழு பள்ளியில். அவர்களுக்கு ஓர் ஆசிரியர். அன்றைக்கே மற்ற பதினெட்டுப் பேர் வீட்டில் திரை முன்னால் காத்திருக்கிறார்கள். நேரில் பாடம் எடுப்பவரே திரையையும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று ஆசிரியர் சங்கத்துடன் உடன்பாடு. ஆகவே இவர்களுக்கு இன்னோர் ஆசிரியர். பள்ளிக்கே வரமாட்டோம் என்று முழுநேர இணையவழியைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மூன்றாவது ஆசிரியர். நேற்றுவரை ஒருவர் செய்த வேலைக்கு இன்று மூன்று பேர். உடல்நலக் காரணம் காட்டி வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி பெற்ற ஆசிரியர்களை இதில் கழித்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டது. கூடுதலாகப் பத்தாயிரம் ஆசிரியர்கள் தேவை என்று அவர்களுடைய சங்கம் சொன்னது. நகரம் முதலில் இரண்டாயிரம் தருகிறேன் என்றது. பிறகு இன்னும் 2,500. பத்தாயிரம் கேட்டவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு. அதுவும் மாற்று ஆசிரியர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் என்று தேடிப் பிடித்த ஆட்கள். ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரை மூன்றாக வெட்டவா முடியும்?

திறப்புத் தேதி நழுவியதன் காரணம் இதுவே. செப்டம்பர் 10 என்பது 21 ஆனது. அது ஆசிரியர் சங்கத்துடன் நடந்த பேச்சின் விளைவு. அந்த 21-க்கு நான்கு நாள் முன்பாக, 17-ஆம் தேதி, மறுபடி ஒத்திவைப்பு: மழலையர் வகுப்புகளும் சிறப்புப் பள்ளிகளும் மட்டும் 21-இல், தொடக்கப் பள்ளிகள் 29-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் அக்டோபர் 1-இல். புத்தகப்பையைத் தயார்செய்து வாசலில் மாட்டிவைத்த வீடுகளுக்கு இது இரண்டாவது முறை. இணையவழியில் கற்பிப்பவர்கள் வீட்டிலிருந்தே கற்பிக்கலாம் என்று நகரமும் ஆசிரியர் சங்கமும் கடைசி நேரத்தில் இன்னோர் உடன்பாடு செய்துகொண்டன. வகுப்புப் பட்டியலை மறுபடி கலைத்துப் போட வேண்டிய தலைமையாசிரியர்களுக்குப் பொறுமை போய்விட்டது. செப்டம்பர் 27 அன்று அவர்களுடைய சங்கத்தின் நிர்வாகக் குழு மேயர் மீதும் சான்சலர் மீதும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளிகளை மாநில அரசே எடுத்து நடத்தட்டும் என்றும் கேட்டது.

மூன்று என்ற எண்

இனி அந்த எண்ணுக்கு வருவோம். மாநில அரசின் விதி இப்படி இருந்தது: ஒரு வட்டாரத்தில் பரிசோதனை செய்துகொள்பவர்களில் தொற்று உறுதியாகிறவர்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பள்ளி திறக்கலாம், ஏழு நாள் சராசரி 9-ஐத் தாண்டினால் மூட வேண்டும். ஜூலை 31 அன்று நியூயார்க் நகரம் தனக்கென்று இதைவிடக் கடுமையான கோட்டைப் போட்டுக்கொண்டது: நகரத்தின் ஏழு நாள் சராசரி 3 சதவீதத்தைத் தொட்டால் பள்ளிகள் அத்தனையும் மூடப்படும். அப்போது விகிதம் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று எட்டாத தொலைவாகத் தெரிந்திருக்கும்.

அது நோய்த்தடுப்புக் கணக்கிலிருந்து வந்த எண் என்பதைவிட, நம்பிக்கை இழந்தவர்களிடம் கொடுத்த வாக்கு என்பதே பொருத்தம். மைக்கேல் மல்க்ரூ தலைமையிலான ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கே ஆயத்தமானது. நியூயார்க் மாநிலத்தில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. 1967-ஆம் ஆண்டின் டெய்லர் சட்டப்படி ஒரு நாள் நிறுத்தத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். அதையும் தெரிந்தேதான் சங்கம் வாக்கெடுப்புக்கு நாள் குறித்தது. செப்டம்பர் 1 அன்று உடன்பாடு வந்தது: திறப்பு தள்ளிவைப்பு, ஒவ்வொரு கட்டடத்திலும் செவிலியர், ஒவ்வொரு பள்ளியிலும் மாதம் ஒருமுறை மாணவர்களிலும் ஊழியர்களிலும் பத்து முதல் இருபது சதவீதம் பேருக்குப் பரிசோதனை. மூன்று சதவீதக் கோடு அந்த ஒப்பந்தத்தின் அடிக்கல்லாக நின்றது. இனி அதை மேயர் நினைத்தாலும் எளிதில் நகர்த்த முடியாது.

கோட்டில் இரண்டு கோளாறுகள் இருந்தன. முதலாவது, அது பள்ளியை அளக்கவில்லை, நகரத்தை அளந்தது. நகரத்தில் தொற்று ஏறினால் பள்ளியிலும் ஏறும் என்ற ஊகம் ஜூலையில் நியாயமானது. அப்போது பள்ளிக்குள் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அக்டோபரிலிருந்து மாதாந்தரப் பரிசோதனை முடிவுகள் வரத் தொடங்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் தொற்று உறுதியானவர்கள் 0.2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தங்கள் கையிலேயே நல்ல அளவுகோல் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. பழைய அளவுகோலை எடுத்து வைத்துவிட்டு இதைப் பிடிக்கலாம் என்று சொல்ல ஆளில்லை. சொன்னால் வாக்கு தவறியவர் ஆவார்.

இரண்டாவது கோளாறு எண்ணின் பிறப்பிலேயே இருந்தது. தொற்று உறுதியாகும் விகிதம் என்பது வகுத்தல் கணக்கு. மேலே தொற்றாளர், கீழே பரிசோதனை. அறிகுறி உள்ளவர் மட்டும் வந்தால் விகிதம் ஏறும். பொழுதுபோகாதவரெல்லாம் வரிசையில் நின்றால் இறங்கும். போதாக்குறைக்கு, நகரம் மாதிரி எடுத்த நாளை வைத்துக் கணக்கிட்டது, மாநிலம் முடிவு வந்த நாளை வைத்துக் கணக்கிட்டது. ஒரே ஊருக்கு ஒரே நாளில் இரண்டு எண்கள்.

இதற்கு ஒத்திகைபோல அக்டோபரில் ஒன்று நடந்தது. புரூக்ளினிலும் குவீன்ஸிலும் சில பகுதிகளில் தொற்று வேகமாக ஏறியது. ஒன்பது அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் பள்ளிகளையும் கடைகளையும் புதன்கிழமையிலிருந்து மூட அனுமதி வேண்டும் என்று ஞாயிறன்று மேயர் மாநிலத்திடம் கேட்டார். திங்களன்று ஆளுநர், பள்ளிகளைச் செவ்வாயே மூடுங்கள் என்றார். சில நாட்களில் அஞ்சல் குறியீடும் போய், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மண்டலங்கள் வந்தன. தெருவின் இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் மஞ்சள். இருந்தாலும் இதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருந்தது: தீ எரியும் இடத்தை மட்டும் மூடலாம். நகரம் முழுவதற்குமான மூன்று சதவீதக் கோட்டுக்கு நேர் எதிரான யோசனை. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

புதன்கிழமை

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. திங்களன்றே பள்ளி மூடக்கூடும், ஆயத்தமாக இருங்கள் என்று மேயர் பெற்றோரை எச்சரித்தார். திங்கள் வந்தது, மூன்றை எட்டவில்லை. செவ்வாயும் அப்படியே. காலையில் விகிதம் என்ன என்று பார்த்துவிட்டுக் காலைச் சிற்றுண்டி செய்யும் வழக்கம் வீடுகளில் வந்துவிட்டது.

புதன், 18-ஆம் தேதி. மேயரின் காலைச் செய்தியாளர் சந்திப்பு பத்து மணிக்கு என்றிருந்தது. பத்து போயிற்று, பதினொன்று போயிற்று. பிற்பகலில் ஆளுநர் தம்முடைய செய்தியாளர் சந்திப்பைத் தொடங்கிவிட்டார். நாளைக்கு நியூயார்க்கில் பள்ளி உண்டா இல்லையா என்று செய்தியாளர்கள் கேட்க, அவர் சிடுசிடுத்தார். விதி என்ன என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறோமே என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, சான்சலர் தலைமையாசிரியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. நகரத்தின் விகிதம் சரியாக 3.0. நாளை முதல் பள்ளி இல்லை. மாநிலத்தின் கணக்கில் அதே நாளில் அதே நகரத்துக்கு மூன்றுக்கும் குறைவான எண்.

அப்போது பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் இன்னும் வகுப்பில் இருந்தார்கள். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் தாய் ஒருத்திக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தீர்மானிக்கக் கிடைத்தது ஒரு மாலைப் பொழுது.

அன்று நகரத்தில் உணவகங்கள் திறந்திருந்தன. கால்வாசி இருக்கைகளோடு உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம். உடற்பயிற்சிக் கூடங்களும் திறந்திருந்தன. அவற்றை மூடும் அதிகாரம் மாநிலத்திடம் இருந்தது. பள்ளியை மூடும் விதி நகரத்திடம் இருந்தது. மதுவிடுதி திறந்து பள்ளி மூடிய ஊர் என்று பெற்றோர் நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் பதாகை பிடித்தார்கள். நகரம் வேண்டுமென்றே அப்படி முன்னுரிமை தரவில்லை. இரண்டு கைகளில் இரண்டு சாவி இருந்ததால் விளைந்த அலங்கோலம். பதாகை பிடித்தவருக்கு அந்த வேறுபாடு என்னத்துக்கு?

மறுபடி எப்போது திறப்பீர்கள் என்ற கேள்விக்கு அன்று மேயரிடம் பதில் இல்லை. அளவுகோலை மாநிலத்துடன் சேர்ந்து வகுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். விகிதம் மூன்றுக்குக் கீழே வந்தால் திறப்பார்களா? எத்தனை நாள் கீழே இருக்க வேண்டும்? யார் முதலில், சின்னப் பிள்ளைகளா, பொதுத்தேர்வு எழுதுகிறவர்களா? ஜூலை 31-லிருந்து மூன்றரை மாதம் இருந்தது. இந்தக் கேள்விகள் எதற்கும் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. மூடுவோம் என்று உறுதி சொல்வதில் இருந்த அரசியல் பயன், திறப்போம் என்று உறுதி சொல்வதில் இருக்கவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய இன்ஃப்ளூயென்சாக் காலம் இங்கே நினைவுக்கு வருகிறது. 1918-இல் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட் மூடவில்லை. குழந்தைகள் நலப் பிரிவை நடத்திய மருத்துவர் ஜோசபின் பேக்கர் அவருக்குப் பின்பலம். பள்ளியை விட்டால் பிள்ளை நெரிசலான குடியிருப்பின் இருட்டறையில் கிடக்கும். பள்ளியில் இருந்தால் தினமும் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவார் என்பது அவர்களின் வாதம். 2020-உடன் இதை அப்படியே ஒப்பிட முடியாது. கிருமி வேறு, அது தாக்கிய வயதும் வேறு. ஆனால் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் துணிவு அன்று இருந்தது.

டிசம்பரில் ஒரு பின்வாங்கல்

மூடிய பதினோராம் நாள், நவம்பர் 29 அன்று, மேயர் மூன்று சதவீதக் கோட்டைக் கைவிட்டார். தொடக்கப் பள்ளிகள் டிசம்பர் 7-இலும் சிறப்புப் பள்ளிகள் 10-இலும் திறக்கும். மாதம் ஒருமுறை இருந்த பரிசோதனை வாரம் ஒருமுறையாகும், ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்தில் ஒரு பங்குப் பேருக்கு. பெற்றோர் சம்மதக் கையெழுத்து தராவிட்டால் பிள்ளை நேரில் வர முடியாது. இடமிருக்கும் பள்ளிகளில் வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பு. பெரிய பிள்ளைகள் காத்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது நகரத்தின் விகிதம் மூன்றைத் தாண்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. மூன்றில் மூடிய பள்ளி அதற்கு மேல் திறந்தது. பள்ளிகள் திறந்த அடுத்த வாரம், டிசம்பர் 14 அன்று, உணவகங்களின் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதை மாநிலம் நிறுத்தியது. முன்பிருந்த வரிசை தலைகீழானது.

இந்தப் பின்வாங்கலில்தான் நல்ல திட்டம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குத் தொற்றும் ஆபத்தும் குறைவு, இணையவழியில் அவர்கள் கற்பது மிகக் குறைவு. ஆகவே அவர்கள் முதலில். பள்ளியைப் பள்ளிப் பரிசோதனை கொண்டே அளப்பது. இவற்றை ஜூலையில் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்திருக்கலாம். அக்டோபர் இறுதிக்குள் தெரிந்துவிட்டது. திட்டத்தில் 'ஆறு வாரம் கழித்து இந்த எண்ணை மறுபடி பார்ப்போம்' என்று ஒரு வரி இருந்திருந்தால், நவம்பர் 18 நேர்ந்திருக்காது. ஆசிரியர் சங்கத்துக்கும் அது வாக்குமீறலாகத் தெரிந்திருக்காது.

நகரக் கோடு போனாலும் பள்ளிக் கோடு ஒன்று மிஞ்சியிருந்தது. ஒரே பள்ளியில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தொற்றுகள் கண்டால் கட்டடம் முழுவதும் பத்து நாள் மூடப்படும். பல பள்ளிகள் ஒரே கூரையைப் பங்கிடும் நகரம் அது. மூன்றாம் மாடியில் ஒருவர், முதல் மாடியில் ஒருவர் என்றாலும் அத்தனைக்கும் பூட்டு. குளிர்காலம் முழுவதும் பள்ளிகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் தொலைபேசி அழைப்பு எதற்கு என்று பெற்றோருக்குச் சொல்லாமலே தெரியும். 2021 ஏப்ரலில் அந்த இரண்டு நான்காக மாறியது.

யார் வந்தார்கள்

ஆகஸ்டில் நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்ததாக நகரம் சொன்னது. படிவம் தராதவர்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். மறுக்காதவரெல்லாம் வருபவர் என்பது கணக்கு. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் அந்தக் கூட்டம் கரைந்தது. அக்டோபருக்குள் பாதிக்கு மேல் முழுநேர இணையவழிக்குப் போய்விட்டார்கள். நவம்பரில் மூடும்போது உண்மையில் வகுப்பறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான்.

வராதவர்களில் ஆசியக் குடும்பங்கள் முன்னால் நின்றன. வெள்ளையர் குடும்பங்கள் எண்ணிக்கைக்கு மீறி அதிகமாக அனுப்பின. கறுப்பினக் குடும்பங்களும் லத்தீன் குடும்பங்களும் வசந்தகாலத்தில் அதிகம் பேரை இழந்தவை. பள்ளிக் கட்டடத்தைப் பற்றிப் பழைய அனுபவமும் அவர்களுக்கு உண்டு. கழிவறையில் சோப்பில்லாத பள்ளி, பெருந்தொற்று வந்ததும் சோப்பு வைத்துவிடும் என்று ஏன் நம்ப வேண்டும்? ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான் திறக்கிறோம் என்று மேயர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் பலர் பூட்டிய வீட்டுக்குள் ஐபேடோடு இருந்தார்கள். காப்பகங்களில் அதற்கும் அலைவரிசை கிடைக்கவில்லை. குச்சியும் தாளும் அளக்காத காற்று இது.

நடுநிலைப் பள்ளிகள் 2021 பிப்ரவரி 25-இல் திறந்தன. மறுநாள் கரான்சா பதவி விலகுவதாக அறிவித்தார். மார்ச் மத்தியில் மெய்ஷா ராஸ் போர்ட்டர் சான்சலர் ஆனார், அந்தப் பதவியில் முதல் கறுப்பினப் பெண். உயர்நிலைப் பள்ளிகள் மார்ச் 22-இல். ஆறடி இடைவெளி மூன்றடியாகச் சுருங்கியது, தடுப்பூசி வந்தது. அடுத்த ஆண்டு இணையவழி வாய்ப்பே இருக்காது என்று மே மாதம் மேயர் அறிவித்தார். கல்வித்துறை ஊழியர் அனைவருக்கும் தடுப்பூசி கட்டாயம் ஆயிற்று.

2021 செப்டம்பர் 13. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நேரில் வரும் காலை. காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகள் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் ஒவ்வொருவரும் கைப்பேசியில் கல்வித்துறையின் இணையதளத்தைத் திறந்து, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்று குறித்துக் காட்ட வேண்டும். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் திறந்ததில் அந்தத் தளம் முடங்கியது. வரிசை நடைபாதையில் நீண்டது. ஊழியர்கள் உள்ளே போய், அச்சிட்ட காகிதப் படிவங்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.